கேட்பாரில்லாத மாப்பிள்ளை

மேலக்குழிப்பட்டிக்காரர்கள் ஒரு விதியையும் மீறியவர்கள் அல்ல. விதிதான் அவர்களைக் கண்டால் விழி பிதுங்கும். டவுன் பஸ்ஸில் 'தலையை வெளியே நீட்டாதீர்கள்' என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, தலையை நீட்டாமல் இறங்குவது எப்படி என்று தெரியாமல், டெப்போ வரை போய்ச் சேர்ந்தவர்கள் அவர்கள்.

அந்த ஊரில் மெய்யநாதன் என்று ஒருவன். நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தான். கல்யாணம் மட்டும் அவனைத் தொடாமலே இருந்தது. தாய் தகப்பன் இல்லை. அவனுக்காக ஓடியாடி நல்லது செய்ய மூன்று பேர் இருந்தார்கள்: தாய்மாமன் அடைக்கலம், அவர் மனைவி சிகப்பி அத்தை, சித்தப்பா ஆவுடையப்பன். பார்த்த சம்பந்தமெல்லாம் முறிந்ததற்கு இந்த மூன்று பேர் செய்த நல்லதுதான் காரணம். காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் பெண்ணின் தகப்பனார், "வாங்க, உங்க வீடு மாதிரி நெனச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டார். அவர் காப்பி கொண்டுவர உள்ளே போய்த் திரும்புவதற்குள் ஆவுடையப்பன் அவருடைய பீரோவை எதிர்ச்சுவருக்கு நகர்த்தி வைத்திருந்தார்.

கடைசியில் கடல் தாண்டி ஒரு சம்பந்தம் வந்தது. பினாங்கில் மளிகைக் கடை வைத்திருந்த ராக்கப்பனின் மகள், பெயர் வள்ளிக்கண்ணு. கைப்பேசித் திரையில் மெய்யநாதனைப் பார்த்தாள். பிடித்திருக்கிறது என்று சொன்னாள். இரண்டு தரம் கேட்டும் அதையே சொன்னாள். அன்று முதல் அவளுடைய எண்ணை மெய்யநாதன் மனப்பாடமாக வைத்திருந்தான். குளிக்கும்போதுகூட வாய்விட்டுச் சொல்லிக்கொள்வான்.

ராக்கப்பன் கறாரான மனிதர். "வெள்ளிக்கிழமை காலையில தட்டு மாத்துறோம். அன்னைக்கு வந்து சேரலேன்னா எனக்கு வருத்தமில்லை. ஈப்போவுல ஒரு மாப்பிள்ளை காத்துக்கிட்டிருக்கார்" என்றார்.

ஈப்போ எங்கே இருக்கிறது என்று மெய்யநாதனுக்குத் தெரியாது. ஆனால் அது பினாங்குக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்று பயந்தான்.

டவுனில் டிக்கெட் போட்டுக் கொடுத்த ஜமால் போனில் விவரம் சொன்னார். நான்கு பேரும் போனைச் சுற்றிச் சப்பணமிட்டு உட்கார்ந்து கேட்டார்கள்.

"எங்கேயோ ஏதோ ஆயிருச்சாம், சோதனையைக் கடுமையாக்கிட்டாங்க. கவனமாக் கேட்டுக்கங்க. தண்ணி, எண்ணெய் மாதிரி எதுவும் கைப்பையில நூறு மில்லிக்கு மேல கூடாது. கூர்மையா ஒண்ணும் இருக்கக் கூடாது. யார் எதைக் கொடுத்தாலும் கையில வாங்கக் கூடாது. பெட்டியை ஒரு நிமிஷம்கூடத் தனியா விடக் கூடாது. அவ்வளவுதான், சிம்பிள்."

உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் எவனோ ஒருவன் செருப்பில் எதையோ மறைத்து வைப்பான். அவன் பிடிபடுவான், அல்லது பிடிபட மாட்டான். ஆனால் மறுநாளிலிருந்து கோடிப் பேர் செருப்பைக் கழற்ற வேண்டும். எவனையோ பிடிக்கப் போட்ட வலையில் இதுவரை அதிகமாக அகப்பட்டது ஆவக்காய் ஊறுகாய்தான். இதெல்லாம் மெய்யநாதனுக்குத் தெரியாது. சொன்னதைச் செய்தால் வள்ளிக்கண்ணு கிடைப்பாள் என்பது மட்டும் தெரியும்.

முதலில் எண்ணெய்ப் பிரச்சினை. பெண் வீட்டுக்குச் செக்கு நல்லெண்ணெய் ஒரு கேன் கொண்டுபோவதாகச் சிகப்பி அத்தை வாக்குக் கொடுத்திருந்தாள். அதைக் கண்ணெதிரிலேயே வைத்துக் கொண்டுபோனால்தான் அவளுக்கு நிம்மதி. ஊரில் இருமல் வந்த வீடுகளிலெல்லாம் காலி மருந்து பாட்டில் வாங்கிவந்து, கேனிலிருந்து ஒவ்வொன்றாக ஊற்றி நிரப்பினாள்.

"ஏன் அத்தை, எல்லாத்தையும் சேர்த்தா அதே ஒரு கேன்தானே?" என்று மெய்யநாதன் கேட்டான்.

"ஒண்ணா இருந்தாத்தான்டா ஆபத்து. பிரிஞ்சு தனித்தனியா இருந்தா ஒரு தொந்தரவும் இல்ல. கூட்டுக் குடும்பம் மாதிரிதான்" என்றாள் அத்தை, கணவரின் பக்கம் பார்க்காமல்.

ஆவுடையப்பன் அதைவிட ஆழமாக யோசிக்கிறவர். "மச்சான், மனுஷ உடம்புல முக்கால்வாசி தண்ணின்னு ரேடியோவுல சொன்னான். அதை என்ன செய்யப் போறோம்?"

அடைக்கலம் திடுக்கிட்டார். "அது நூறு மில்லிக்கு மேல வருமா?"

"உமக்கு நிச்சயம் வரும்."

வெகுநேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். உள்ளே இருப்பதை ஒன்றும் செய்வதற்கில்லை. இனிமேல் சேர்க்காமல் இருக்கலாம். அப்போதிருந்து நான்கு பேரும் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். ஆவுடையப்பன் எச்சிலைக்கூட விழுங்காமல் வாசலுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

அடுத்தது கூர்மை. சீருக்காகச் சிகப்பி அத்தை ஒரு தூக்கு நிறைய முள்ளு முறுக்கு சுட்டு வைத்திருந்தாள். அடைக்கலம் ஒன்றை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். முகம் இருண்டது.

"இது குத்துது சிகப்பி."

"முள்ளு முறுக்கு குத்தாம?"

"விமானத்துல ஒருத்தன் இதை எடுத்து ஓட்டுறவர் கழுத்துல வச்சா என்ன ஆகும்? யோசிச்சியா?"

அத்தை யோசித்தாள். அவளுக்கும் அது நடக்கக்கூடியதாகவே பட்டது. உப்புத்தாள் வாங்கிவந்து ஒவ்வொரு முறுக்கின் முள்ளையும் மழமழவென்று தேய்த்தார்கள். தேய்த்து முடித்தபோது தூக்கில் முறுக்கு பாதியும் தூள் பாதியுமாக இருந்தது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் அடைக்கலத்தின் முகத்தைப் பார்த்தார்கள். இரண்டு முனையும் ஊசிபோல நிற்கும்படி முறுக்கிவிட்ட மீசை. முப்பது வருஷ வளர்ப்பு. மருமகனுக்காக அவர் அதை எண்ணெய் போட்டுப் படிய விட்டார். பார்க்கிறவர்கள் இழவுக்குப் போய்விட்டு வருகிறாரோ என்று விசாரித்தார்கள்.

யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்ற விதிதான் மிகவும் படுத்தியது. மோதிரம் செய்த ஆசாரி வீட்டுக்கு வந்து நீட்டினார்.

"நீட்டாதீங்க ஆசாரி! கீழ போட்டுட்டுப் போங்க. நாங்க கண்டெடுத்துக்கிறோம்" என்றார் அடைக்கலம்.

ஆசாரி மேலக்குழிப்பட்டியில் தொழில் செய்கிறவர், எதற்கும் அசருவதில்லை. மோதிரத்தை முற்றத்தில் வைத்துவிட்டுப் போனார். சிகப்பி அத்தை வந்து, "அடியாத்தீ, இங்க ஒரு மோதிரம் கெடக்கே!" என்று மார்பில் கைவைத்து ஆச்சரியப்பட்டாள். எல்லாம் முறையாக நடந்தது. ஆனால் ஆவுடையப்பன் விடவில்லை. "கண்டெடுத்த நகையைப் போலீஸ்ல ஒப்படைக்கணும். அதான் சட்டம்."

ஒப்படைத்தார்கள். "யாரோடது?" என்று ஏட்டு கேட்டார்.

"எங்களுதுதான்."

"அப்பறம் என்ன, எடுத்துட்டுப் போங்க" என்று ஏட்டு மோதிரத்தை நீட்டினார். நான்கு பேரும் பின்னால் நகர்ந்தார்கள். கடைசியில் ஏட்டும் அதைக் கீழே போட வேண்டியதாயிற்று.

கிளம்புவதற்கு முன் ஒரு ஒத்திகையும் நடந்தது. மாட்டுக்கொட்டகை வாசலில் இரண்டு ஏணியைச் சாத்தி வைத்து, அதன் வழியே வரச் சொன்னார்கள். அடைக்கலம்தான் அதிகாரி. மெய்யநாதன் பாஸ்போர்ட்டை நீட்டினான்.

"இதுல இருக்கறவன் முறைச்சுக்கிட்டிருக்கான். நீ சிரிக்கிறே. யார் நீ?"

"நான்தான் மாமா, மெய்யன்."

"எவனும் அப்படித்தான் சொல்லுவான். தள்ளி நில்லு."

அடைக்கலத்துக்கு அந்த வேலை பிடித்துப்போய்விட்டது. தங்கை மகனைச் சாயங்காலம் வரை கொட்டகைக்குள் விடவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு புத்திமதி மட்டும் சொன்னார்: "அங்க போயி வாயைத் திறக்காதே. நான் உட்காருன்னா உட்காரு. நான் வர்ற வரைக்கும் அசையாதே. யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லாதே. பேசினாத்தான் மாட்டிக்குவோம்."

வியாழக்கிழமை விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மாப்பிள்ளை மாப்பிள்ளையாகத்தான் போக வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டதால் மெய்யநாதன் பட்டு வேட்டி, சந்தனப் பொட்டுடன் இருந்தான். நான்கு பேருக்கும் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

சோதனை இடத்தில் அவர்களை அதட்ட ஒன்றுமே இல்லை. எண்ணெய் பாட்டில்களைப் பார்த்த பெண் அதிகாரி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் நூறு மில்லிதான். மொத்தத்தில் ஒரு கேன் எண்ணெய் கண்முன்னால் நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்தது, விதிக்குத் தெரியவில்லை. விட்டுவிட்டார். ஆனால் தட்டில் வைக்கக் கொண்டுபோன கொப்பரைத் தேங்காயை எடுத்துத் தொட்டியில் போட்டார்.

"அது தீப்பிடிக்கும்."

"தீப்பிடிக்குமா?" சிகப்பி அத்தைக்கு அழுகையே வந்துவிட்டது. "மழைக்காலத்துல எங்க அடுப்பு பத்தாம எத்தனை நாள் கஷ்டப்பட்டிருக்கேன். யாராவது ஒரு வார்த்தை சொன்னாங்களா?"

அப்போது பின்னால் கூச்சல். பெட்டியைத் தனியாக விடக் கூடாது என்பதால், அது எந்திரத்துக்குள் நகர ஆரம்பித்ததும் ஆவுடையப்பனும் அதைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டார். இடுப்பு வரை உள்ளே போயிருந்தார். காவலர்கள் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள்.

"பெட்டி அந்தப் பக்கமா வந்துரும்யா!"

"வர்றது இதே பெட்டிதான்னு என்ன அத்தாட்சி?" என்று எந்திரத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஊழியர், பார்த்த வரையில் அவருடைய வயிற்றில் ஒன்றும் இல்லை என்று எழுந்து வந்து சொன்னார். பட்டினியும் தாகமுமாக இருந்த மனிதருக்கு அது பெருமையாக இருந்தது.

எப்படியோ உள்ளே வந்துவிட்டார்கள். விமானம் கண்ணாடிக்கு வெளியே நின்றது. மெய்யநாதனுக்கு அதற்குள் ஈப்போ மாப்பிள்ளை மீது இரக்கமே வந்துவிட்டது.

"சோதனை முடிஞ்சுதுல்ல, இனிமே குடிக்கலாம்" என்றார் ஆவுடையப்பன். தூரத்தில் குடிதண்ணீர்க் குழாய் தெரிந்தது. மூவரும் பெட்டி, பை, தூக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள், எதையும் தனியாக விடக் கூடாதல்லவா. மெய்யநாதனின் பாஸ்போர்ட்டும் கைப்பேசியும் அடைக்கலத்தின் மடியில் இருந்தன.

"நீ இங்கயே உட்காரு மாப்ளே. உனக்குத் தண்ணி கொண்டாறேன். அசையாதே."

மெய்யநாதன் அசையவில்லை.

அவர்கள் வயிறு முட்டக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தபோது ஒலிபெருக்கி பேசியது: "பயணிகள் கவனத்துக்கு. கேட்பாரற்றுக் கிடக்கும் எதையும் தொடாதீர்கள். அருகில் செல்லாதீர்கள். உடனே பாதுகாப்பு ஊழியர்களிடம் தெரிவியுங்கள்."

மூவரும் நடுவழியில் நின்றார்கள். ரகசியமாகத்தான் பேசினார்கள். மேலக்குழிப்பட்டியில் ரகசியம் என்பது வயலுக்கு அந்தப்புறம் கேட்காமல் பேசுவது. மெய்யநாதனுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"அங்க உட்கார்ந்திருக்கறது நம்ம மெய்யன்தானே?" என்றாள் அத்தை.

"அவன்தான். ஆனா பக்கத்துல ஆள் யாரும் இல்லையே" என்றார் ஆவுடையப்பன்.

"நாமதான்யா ஆளு."

"நாம இங்கல்ல இருக்கோம் மச்சான்?"

அடைக்கலம் கீழே குனிந்து தம் காலைப் பார்த்துக்கொண்டார். இங்கேதான் இருந்தார். "ஆமா. அப்ப அவன் கேட்பாரில்லாமத்தான் கெடக்கான்."

"கிட்டப் போயி, நாங்க இருக்கோம்டான்னு சொல்லிட்டா?" என்றாள் அத்தை.

"கிட்டப் போகக் கூடாதுன்னு இப்பத்தானே சொன்னாங்க? காதுல வாங்குறதே இல்ல நீ."

மெய்யநாதன் சுற்றும்முற்றும் பார்த்தான். முன் நாற்காலி காலி. பின் நாற்காலி காலி. அவனைக் கேட்க அங்கே யாருமே இல்லை. அவர்கள் சொல்வது நியாயமாகத்தான் பட்டது.

அடைக்கலம் போய்ப் பாதுகாப்பு ஊழியரிடம் தெரிவித்தார். "அங்க ஒண்ணு கேட்பாரில்லாமக் கெடக்குங்க. பட்டு வேட்டி. ரொம்ப நேரமா அசையவே இல்ல."

"உங்களோடதா?"

தன்னுடையது என்றால் ஏன் தனியாக விட்டாய் என்று கேட்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் அடைக்கலம் அறிவோடு நடந்துகொண்டார். "இல்லீங்க" என்றார்.

மஞ்சள் கயிறு கட்டினார்கள். கூட்டத்தைத் தள்ளினார்கள். கனத்த அங்கி போட்ட ஒருவர் தூரத்தில் நின்று, "யார் நீ? பேர் என்ன?" என்று கத்தினார். மெய்யநாதன் மாமா சொன்னபடி பதில் சொல்லவில்லை. "அசையாதே!" என்று கத்தினார். அது அவனுக்குச் சுலபமாக இருந்தது. மோப்ப நாய் வந்து அவன் மடியை முகர்ந்து, ஒட்டியிருந்த முறுக்குத் தூளை நக்கிவிட்டுப் போயிற்று.

இதற்கிடையில் விமானத்தில் ஏறச் சொல்லி அழைத்தார்கள். "அவனுக்காக நின்னா நாளைக்குத் தட்டு மாத்துறது யாரு?" என்றார் ஆவுடையப்பன். தட்டு மாற்றுவது பெரியவர்கள் வேலை. மாப்பிள்ளை சும்மா உட்கார்ந்திருப்பவன்தான். அதை அவன் இங்கேயே நன்றாகச் செய்துகொண்டிருந்தான். பாஸ்போர்ட்டை மட்டும் காவலரிடம், "அந்தா அதோடது" என்று கொடுத்துவிட்டு மூவரும் ஏறினார்கள். கண்ணாடிக்கு அப்பால் விமானம் நகர்வதை மெய்யநாதன் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தான். கண்ணீர் வந்தது. அதையும் துடைக்கவில்லை.

அபாயம் இல்லை என்று முடிவானதும் அவனை, கேட்பாரில்லாத பொருட்களுக்கான அறையில் ஒப்படைத்தார்கள். அந்த அறைக்குப் பொறுப்பாளர் கோமதிநாயகம். மணிக்கட்டில் ஒரு சீட்டைக் கட்டி, குடைகளுக்கும் ஒரு மூன்று சக்கர சைக்கிளுக்கும் நடுவே உட்கார வைத்தார்.

"சார், நான் பினாங்கு போகணும் சார்" என்று மெய்யநாதன் வாயைத் திறந்தான்.

"போகலாமே. உரியவர் வந்து அடையாளம் சொல்லி உங்களைப் பெற்றுக்கிட்டா உடனே போகலாம்."

"நானே என்னை எடுத்துக்கிட்டுப் போறேனே?"

"அது எப்படி? பொருளே வந்து பொருளை எடுத்துக்கிட்டுப் போக விதியில இடமில்லை."

"நான் மனுஷன் சார்."

"அதையும் உரியவர் வந்து சொல்லட்டும்."

கோமதிநாயகம் மேலக்குழிப்பட்டியில் பிறந்திருக்க வேண்டியவர். படித்துப் பரீட்சை எழுதி அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

மெய்யநாதன் தன்னுடைய எண்ணைச் சொன்னான். அந்தக் கைப்பேசி மாமாவோடு ஆகாயத்தில் அணைந்து கிடந்தது. அப்புறம் அவனுக்குத் தெரிந்தது உலகத்தில் ஒரே ஒரு எண்தான். கோமதிநாயகம் அதைச் சுழற்றினார்.

"அம்மா, உங்களுக்குச் சொந்தமான ஒண்ணு இங்க கேட்பாரில்லாம இருக்கு. பேர் மெய்யநாதன்னு சொல்லுது."

மறுமுனையில் வள்ளிக்கண்ணு சற்று யோசித்தாள். "இன்னும் முழுசாச் சொந்தமாகலீங்க. நாளைக் காலையிலதான் ஆகுது."

"பரவாயில்லை, முன்கூட்டியும் எடுத்துக்கலாம்."

வெள்ளிக்கிழமை காலையில் வள்ளிக்கண்ணு நேரே வந்து இறங்கினாள். நிச்சயத்துக்கு எடுத்த அரக்குப் புடவையிலேயே வந்திருந்தாள். மெய்யநாதன் எழுந்து நின்றான். மணிக்கட்டுச் சீட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான்.

"அடையாளம் சொல்லுங்க" என்றார் கோமதிநாயகம்.

"போன்ல கழுத்து வரைக்கும்தான் பார்த்திருக்கேன்."

கோமதிநாயகம் மெய்யநாதனின் கழுத்துக்குக் கீழே ஒரு குடையை விரித்து மறைத்தார். வள்ளிக்கண்ணு இப்படியும் அப்படியும் நகர்ந்து நிதானமாகப் பார்த்தாள்.

"இதுதான். மீதியைப் பிறகு பார்த்துக்கிறேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

அந்த நேரத்தில் மேசையில் இருந்த போன் அடித்தது. அடைக்கலம்தான், கைப்பேசியில் தவறவிட்ட அழைப்பைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார். கோமதிநாயகம் மெய்யநாதனிடம் கொடுத்தார்.

"மாப்ளே! தப்பிச்சோம்டா, பெரிய கண்டத்துலேருந்து தப்பிச்சோம்!"

"என்ன ஆச்சு மாமா? தட்டு மாத்தியாச்சா?"

"எங்கேருந்து மாத்துறது? நீ வரலேங்கறதைக்கூட ராக்கப்பன் பெருசா எடுத்துக்கல. நல்ல மனுஷன்தான். பொண்ணைக் கூப்பிடுங்கன்னு உன் அத்தை சொன்னா. பொண்ணைக் காணோம்! கேட்டா, ஏதோ ஒரு விமான நிலையத்துல எவனோ ஒருத்தன் கேட்பாரில்லாமக் கெடக்கானாம். அவன் தனக்குச் சொந்தம்னு சொல்லி, எடுத்துட்டு வரப் போயிட்டாளாம்! நிச்சயத்தன்னைக்கு!"

"அடக் கடவுளே."

"நான் விடுவேனா? இப்படிப்பட்ட பொண்ணு எங்க வீட்டுக்குச் சரிப்படாதுன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டேன். சம்பந்தம் வேணாம்னு எந்திரிச்சுட்டோம். நான் செஞ்சது சரியா இல்லையா?"

பெண் போனது போனதுதான். ஆனாலும் மாமா மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். "சரிதான் மாமா" என்று போனை வைத்தான். குடைகளுக்கு நடுவே இருந்த முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"என்னங்க? என்ன ஆச்சு?" என்று வள்ளிக்கண்ணு பதறினாள்.

"எனக்குப் பார்த்து வச்சிருந்த பொண்ணு எவனையோ தேடிப் போயிட்டாளாம்" என்றான் மெய்யநாதன், கண்ணைத் துடைத்தபடி.

வள்ளிக்கண்ணு வாயில் கைவைத்தாள். உலகம் இவ்வளவு கெட்டுக் கிடக்கிறதா என்று அவளுக்கு மனம் ஆறவில்லை. முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டு, சீட்டுக் கட்டிய கையைப் பிடித்து எழுப்பினாள்.

"போறவ போகட்டும், விடுங்க. அவளுக்கு உங்களை வச்சு வாழக் குடுத்து வைக்கல. ஈப்போவுல எனக்கும்தான் ஒருத்தர் காத்துக்கிட்டிருக்காராம். வாங்க, ரெண்டு பேரும் போயி அவர்கிட்டயே ஒரு யோசனை கேப்போம்."